எரிகாவுக்கு உயிர் இருக்கிறதா?

செடி விற்கும் தொழிலில், செடியைவிட விற்பவனைத்தான் அதிகம் புரட்டிப் பார்ப்பார்கள். கடையில் நின்று அந்தப் பார்வையை வாங்கிய அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தேன். வேலை போனால் படிப்பும் போகும். ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். முதலாளி ஹெர் லோமனுக்கும் அது தெரியும்.

ஒரு வாளி எரு

என்னிடம் ஒப்படைத்த செடி எரிகா. அந்த நாட்டுப் பொட்டல் வெளிகளில் தானாக வளரும் குத்துச்செடி. பனியிலும் இலை உதிர்க்காது; ஊதாவாகப் பூக்கும். தொட்டியில் சத்தே இல்லாத கறுப்பு மண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். இப்படியா பட்டினி போடுவார்கள்? பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து ஒரு வாளி எரு கொண்டுவந்து பத்துத் தொட்டிக்கு வைத்தேன். பத்தும் கருகின.

அமிலம் கலந்த புளிப்பு மண், மழைத் தண்ணீர், நல்ல வெயில். எரு கூடாது, சுண்ணாம்பு ஆகவே ஆகாது. எரிகாவின் ஜாதகம் அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. ஹெர் லோமன் கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களை எந்தப் போட்டிப் பண்ணைக்காரன் அனுப்பினான்?"

நகக் கீறல்

எரிகாவிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. செத்த பிறகும் பூ வாரக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால், உள்ளே பச்சை தெரிந்தால்தான் உயிர்.

அக்டோபரில் ஃபிராவ் கிராம் என்ற அம்மாள் வந்தார். கணவர் கல்லறையில் நட ஆறு செடி வேண்டுமாம். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளில், ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வரும். அன்றைக்குச் செடி வாடியிருந்தால் வருஷம் பூராவும் பேசுவார்கள். நான் ஒவ்வொன்றையும் கீறிக் காட்டினேன். அவரும் ஒருமுறை கீறிப் பார்த்தார். "பச்சையாகத்தான் இருக்கிறது. நீங்கள் நல்ல இடமாகப் பார்த்துக் கீறியிருக்கலாம்."

ஏழாவது ஆள்

பத்தே நாளில் ஆறும் செத்துவிட்டதென்று வந்து நின்றார். செத்த செடியை நான் தள்ளிவிட்டேன் என்பது அவர் கட்சி. ஹெர் லோமன் வேறு ஆறு கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த ஆறும் செத்தால், ஏழாவதாகப் போவது நீங்கள்."

கல்லறைக் காவல்

கல்லறைத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்போ? முயல் கடிக்கிறதோ? பக்கத்துக் கல்லறைக்கு வருகிறவள் எதையாவது ஊற்றுகிறாளோ? தினமும் வகுப்பு முடிந்ததும் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். அறைத்தோழன் அந்தோணி தூத்துக்குடிக்காரன். அவன் சொன்னான்: "ஏலே, கல்லறைல ஒளிஞ்சு நிக்கிற நம்மள மாதிரி ஆளை போலீஸ் புடிச்சா, செடியைப் பாக்க வந்தேன்னா சொல்லுவ?"

பிடிபட்டவர்கள்

மூன்றாம் நாள் வந்தது ஃபிராவ் கிராம்தான். குனிந்தார். செடிக்கு நாலு தண்டு வீதம் நகத்தால் உரித்து, பச்சை பார்த்துத் தலையாட்டினார். முந்தின நாட்களில் நான் வருவதற்குள் உரித்துவிட்டுப் போன காயங்களும் அப்படியே இருந்தன. நான் வெளியே வந்தேன். அவர் திடுக்கிட்டார். தினமும் உரித்தால் எந்தச் செடியும் தாங்காது என்றேன். கீறச் சொல்லிக் கொடுத்த பாவி நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை கடைக்கு வந்தார். நேரே ஹெர் லோமனிடம் போனார். "செடியில் குறையில்லை. இரண்டு தடவையும் கொன்றது நான்தான். இன்னும் ஆறு கொடுங்கள், இவரே வந்து நடட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன்."

தினமும் சந்தேகப்பட்டால் எந்தச் செடியும் பிழைக்காது. வேலை பார்த்துப் படிக்கிற மாணவன் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொள்கிறான்.