மூக்காயியின் சந்தேகமும் சடையனின் வயிறும்

மூக்காயி யாரையும் நம்பமாட்டாள். கங்காணி அளந்து போட்ட அரிசியைத் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கொண்டுவந்ததும் முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே, "பாதி கல்லு, மீதி கங்காணி வயித்துல" என்று வரிசையாகக் காம்பராக்கள் ஒட்டிய லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி முனகுவாள். பக்கத்துக் காம்பராக்காரி நெருப்புக் கேட்டு வந்தால் கொள்ளியைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். அந்தச் சாக்கில் அங்கே அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் அல்லவா?

தெல்தோட்டைப் பக்கத்து அந்தக் கோப்பித் தோட்டத்தில் அவளைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் சிரித்தவர்கள் யாரும் அவள் வந்த கூட்டத்தோடு கடல் தாண்டி இறங்கி மன்னாரிலிருந்து மலைக்கு நடந்து வந்தவர்கள் இல்லை. வழிக்காட்டில் முகம் தெரியாத ஒருத்தி இரக்கப்பட்டுக் கொடுத்த தண்ணீரை மூக்காயி தன் மூத்த மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் வாந்திபேதியில் பிள்ளை போய்விட்டது. அந்தக் காட்டில் அப்படிச் செத்தவர்கள் எத்தனையோ பேர். தண்ணீரில் கோளாறா, தலையெழுத்தா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மூக்காயிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கொடுத்த கைதான் கெட்ட கை.

இளைய மகன் சடையன் இந்த லயத்தில் பிறந்தவன். இப்போதுதான் வார்த்தைகளைக் கோத்துப் பேசப் பழகியிருந்தான். கோப்பிப் பழ எடுப்புத் தொடங்கியதும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும்கூட விடாமல் மலைக்கு விரட்டினார்கள். விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் பெண்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட, பிள்ளைகள் எல்லாம் கடைசிக் காம்பராவில் வீரம்மாவிடம் கிடந்தார்கள். வீரம்மா புருசனை இழந்தவள். பாறையில் வழுக்கி விழுந்து கால் ஊனமானதால் கங்காணி அவளைப் பிள்ளை பார்க்க வைத்திருந்தார்.

எடுப்புத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே சடையனின் வயிறு கல்லாகிவிட்டது. மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு நிற்பான். முகம் சிவந்து வேர்க்கும். மாலையில் மூக்காயி மலையிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, வெளிக்குப் போகப் பாதத்தின் மேல் அவனை உட்கார வைத்தால் வீறிட்டுக்கொண்டு எழுந்து ஓடுவான். கஞ்சியையும் தள்ளிவிட்டான்.

"வயித்தக் கட்டிருச்சு புள்ள. கொஞ்சம் வெளக்கெண்ண குடு" என்றான் புருசன் பழனியாண்டி.

"தானாக் கட்டல. கட்டிவிட்டிருக்காங்க" என்றாள் மூக்காயி.

யார் என்று அவன் கேட்கவில்லை. கடைசிக் காம்பராப் பக்கம் அவள் பார்த்த பார்வையே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கியதும் முதலில் வாயை மோந்து பார்த்தாள். ஒருநாள் அவன் கன்னத்தில் பப்பாசிப் பழ விதை ஒட்டியிருந்தது. வீரம்மா பழம் கொடுத்திருக்கிறாள். பழத்துக்குள் என்ன வைத்தாளோ! "இனிமே எம்புள்ளைக்குக் கஞ்சியத் தவிர ஒண்ணும் குடுக்காத" என்று வாசலில் நின்று கத்திவிட்டு வந்தாள். பழத்தால் இளகுவதற்கு இருந்த வழியையும் தானே அடைத்துவிட்டு, மகன் பிழைப்பானா என்று இரவெல்லாம் தவித்தாள். இன்னொரு பிள்ளையைப் புதைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, பழச் சாக்கைப் பழனியாண்டியிடம் தள்ளிவிட்டு, மலையிலிருந்து இறங்கினாள். கையும் களவுமாகப் பிடித்து லயத்தைக் கூட்டிவிடுவது என்று தீர்மானம். கடைசிக் காம்பராவின் பின்சுவரில் மண் பெயர்ந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

வீரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தின் மேல் சடையன் குப்புற நெளிந்து அழுதுகொண்டிருந்தான். அவள் கையில் ஏதோ பச்சையாக, நீளமாக, எண்ணெய் சொட்டச் சொட்ட. மூக்காயி ஒரே பாய்ச்சலில் உள்ளே போனாள்.

"என்னடி வெக்கிற எம்புள்ளைக்கு?"

"வெத்தலக் காம்புடி. வெளக்கெண்ணெயில தொட்டு வெச்சா வழுக்கிக்கிட்டு வந்துரும். ஊர்ல பச்சப்புள்ளைக்கு வெக்கிறதில்லையா?" வீரம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "உக்கார வெச்சா ஓடுறான். என்னத்துக்கு ஓடுறேன்னு நீயே கேளு அவன!"

மூக்காயி பிள்ளையைப் பறித்து மடியில் போட்டாள். "சொல்லுடா சாமி, பெரியம்மா என்ன செஞ்சா?"

சடையன் விசும்பினான். "எடுத்துருவா."

"என்னத்தடா?"

"எம்பீய. எடுத்து மந்திரம் வெப்பா. நான் செத்துருவேன். நீதான சொன்ன?"

சொன்னவள் அவளேதான். தலைமயிர், நகம், மலம் எது பகையாளி கையில் சிக்கினாலும் வினை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், தினமும் அவனைத் தன் காலில் உட்கார வைத்து, கோப்பி மரத்தடியில் யாரும் பாராமல் தானே புதைத்துவந்தாள். அடுத்தவர் முன்னால் போனால் எடுத்துக்கொள்வார்கள் என்று காதில் ஓதி ஓதித்தான் பழக்கினாள். இப்போதோ அவன் கண் விழிக்குமுன் அவள் மலையேறிவிடுகிறாள். பிள்ளை பகலெல்லாம் அடக்கி வைத்தான். அடக்கியது இறுகியது, இறுகியது வலித்தது, வலிக்குப் பயந்து அம்மா காலிலும் உட்காரமாட்டேன் என்றான்.

வீரம்மா காம்பை மறுபடி எண்ணெயில் தொட்டாள். பிறகு, "கஞ்சி ஊட்டுற கை நல்ல கை, கால் கழுவுற கை கெட்ட கையா மூக்காயி?" என்றாள்.

மூக்காயிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வெட்கமாக இருந்தது. அதற்காகச் சந்தேகம் அங்கேயே கழன்று விழுந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. காம்பைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தாள். பிள்ளை அலறினான். கடைசியில் அவனைத் தூக்கி வீரம்மாவின் காலில் உட்கார வைத்தாள்.

"நீயே செய்யி அக்கா."

வீரம்மா வெந்நீர் கொஞ்சம் குடிக்க வைத்தாள். வயிற்றில் எண்ணெய் தடவி நீவினாள். சடையன் அம்மாவின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எடுத்துர மாட்டாளா?"

வீரம்மாவும் அவள் முகத்தையே பார்த்தாள். வழிக்காட்டுக்குப் பிறகு மூக்காயி யாருக்காகவும் பிணை சொன்னதில்லை.

"மாட்டா. பெரியம்மா நல்லவ. நீ போ சாமி."

நெஞ்சில் பாதிதான் அதை நம்பியது. பிள்ளை முழுசாக நம்பிவிட்டான். முக்கினான், அழுதான், மறுபடி முக்கினான். வயிறு இளகியது. அம்மாவின் தொடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கழுவிவிட்ட கையோடு தூங்கிப்போனான்.

வீரம்மா அவன் கழிந்ததை மண்ணோடு வாரி எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வாசல் தாண்டினாள். "எங்க பொதைக்கிறேன்னு வந்து பாத்துக்க" என்று திரும்பிப் பாராமல் சொன்னாள்.

மூக்காயியின் கழுத்து தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. மகனின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை.