ஓதிக்கொண்டே நடந்த மாதங்கள்

முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது காரணம் டொக்டருக்கே தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறி இறங்கிப் பாடம் எடுத்தேனாம், அதனால்தான் போனதாம். பார்க்க வந்த பெண்கள் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். ஒருத்தி மேல் சீறியும் விழுந்தேன். சீறினேனே தவிர, உள்ளுக்குள் நானும் அதைத்தான் நம்பினேன். என் கால்கள்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டன என்று நினைத்தேன்.

அதனால் இரண்டாவது முறை உண்டானதும் உம்மா என்னைக் கட்டிலில் போட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஆகவே மாமியாரின் கெடுபிடி எங்களுக்குக் குறைவு. அந்த வேலையையும் உம்மாமாரே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். வாளி தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பதால் வாசலுக்கு வரவே கூடாது. தொழுகையைக்கூடக் குனியாமல் கதிரையில் இருந்தே தொழுதேன். என்னிடம் தண்ணீர் கேட்ட கணவரை உம்மா பார்த்த பார்வையில், மனிதர் அன்றிலிருந்து எல்லாவற்றையும் தானே எடுத்துக் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் வயிற்றில் ஒரு சிறிய கருவியை வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். முதலில் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. பிறகு தூரத்தில் போகிற எஞ்சின் தோணி போல ஒரு சத்தம், நிற்காமல், அவசரமாக. எனக்குள்ளிருந்து வருகிற சத்தம், ஆனால் என்னுடையது அல்ல. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சுபஹானல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை.

"நடக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"கட்டிலால எறக்கவே இல்ல டொக்டர்," என்று உம்மா பெருமையாக முந்திக்கொண்டார்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்? இரத்தம் படல்ல, பிரஷர் நல்லம், ஸ்கேனும் நல்லம். இவவுக்குக் கட்டில் தேவையில்ல. கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும்."

உம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து அவர் பொறுமையாகச் சொன்னார். முதலில் சிறிது நேரம் மட்டும். உடம்புக்குப் பழகினால் மெல்லக் கூட்டலாம். வெயிலில் வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும். நடக்கும்போது சாதாரணமாகக் கதைக்க முடிய வேண்டும். கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இரத்தம் பட்டால், பன்னீர்க்குடத் தண்ணீர் போனால், தலை சுற்றினால், வயிறோ நெஞ்சோ வலித்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தொழுகையில் தலை சுற்றாவிட்டால் வழமை போல ஸுஜூது செய்யலாம் என்றும் சொன்னார்.

அன்று மாலை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெற்றியைத் தரையில் வைத்தேன். வயிறு என் தொடைகளுக்கிடையில் பாரமாக இறங்கி அமர்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஸுஜூதில் கிடக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் எழும்ப மனம் வரவில்லை. உம்மா பயந்துபோய்க் கதவடியில் வந்து நின்றார்.

எங்கள் சாய்ந்தமருதில் வீட்டுச்சுவரும் வீட்டுச்சுவரும் முட்டிக்கொண்டு நிற்கும். தெருவில் நடந்தால் ஊர்க் கண்ணெல்லாம் வயிற்றில்தான். ஆகவே வீட்டுக்குள்ளேயே நடப்பது என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். விடியக் காலையில் ஸுபஹு தொழுததும் ஹோலிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து ஹோலுக்கு. உம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார்.

"கதைக்க ஏலுமா எண்டு பாக்கத்தானே சொன்ன? வெறுங்கதை என்னத்துக்கு? நபி மேல ஸலவாத்து ஓது. நன்மையும் கிடைக்கும்," என்றார்.

அப்படியே ஓதினேன். வாய்க்குள் முணுமுணுத்தால் அவருக்கு ஆகாது. சத்தமாக ஓத வேண்டும். குரல் கொஞ்சம் உடைந்தாலும் "நில்லு புள்ள!" என்று இழுத்துப் பிடித்துக் கதிரையில் இருத்திவிடுவார். நான் களைக்காத நேரத்தில் அவரும் கூடச் சேர்ந்து ஓதினார். வீடே முழங்கியது.

சில நாள் போனதும் பக்கத்து வீட்டுச் சாச்சி கையில் ஒரு பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"என்ன ராத்தா, ஸுபஹோட ஒரே ஓதலாக் கிடக்கு. மௌலூது ஓதினா எங்களுக்கும் சொல்லப்படாதா? ஓதி முடிஞ்சு குடுக்கிற நார்சா வாங்குவம் எண்டு வந்தன்."

கண்ணூறுக்குப் பயந்து ஐந்து மாதம் மூடி மறைத்த வயிற்றோடு நான் ஹோலின் நடுவில் நின்றேன். சாச்சியின் கண் நேரே அங்கேதான் போனது. ஊருக்கு ஒளித்த சங்கதியை ஒலிபெருக்கி வைக்காத குறையாக நாங்களே அறிவித்திருக்கிறோம். உம்மாவின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றார் சாச்சி, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்பு. "அதுக்கு ஏன்கா வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி நடக்கிற? எனக்குச் சீனி வருத்தம் வந்த நாளையிலிருந்து நாங்க கொஞ்சப் பேர் விடியக் கடற்கரையில நடக்கிறம். நாளைக்கு வாங்க."

சுனாமிக்குப் பிறகு உம்மாவுக்குக் கடல் என்றாலே ஆகாது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் என்னைத் தனியே விடவும் அவருக்கு மனமில்லை. அடுத்த நாள் காலையில் உம்மாவும் அபாயாவும் சப்பாத்துமாக வந்தார், கையில் தண்ணீர்ப் போத்தலோடு.

அலை நனைத்துப் போன இறுகிய மணலில் மெல்ல நடந்தோம். மணல் கெட்டியாக இருந்ததால் கால் புதையவில்லை. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு சீராக வந்து போனது. நாளுக்கு நாள் தூரம் கூடியது, குரல் உடையவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. குற்றவாளி என்று நான் தீர்த்துவைத்திருந்த இந்தக் கால்கள் இரண்டு உயிரைத் தூக்கிக்கொண்டு போகின்றன. என் இருதயம் இன்னொருவருக்கும் சேர்த்து அடிக்கிறது. இதையெல்லாம் செய் என்று நான் உடம்புக்குச் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் கண்டுகொண்டேன். நடக்கிற நேரம் பிள்ளை அசையாது. நான் ஓரிடத்தில் இருந்ததும் விழித்துக்கொள்ளும். என் நடைதான் அதற்குத் தாலாட்டு.

ஆறாம் மாத முடிவில் ஒரு நாள், கரையில் ஏற்றி வைத்திருந்த தோணியின் விளிம்பில் சற்று இருந்தேன். சாச்சியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். வயிற்றுக்குள் ஓங்கி ஓர் உதை. "உம்மா, கையத் தாங்க!" என்று அவருடைய உள்ளங்கையை எடுத்து வைத்தேன். மறுபடியும் உதைத்தது. உம்மா கையை எடுக்கவில்லை.

"இவ்வளவு தூரம் நடந்து வந்தும்..." என்றார். "நடந்து வந்தும் இப்பிடித் துள்ளுதே மகள்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. சந்தோசம் என்று நினைத்தேன்.

"ஒனக்கு முந்தி எனக்கும் ஒண்டு போன," என்றார். "கிணத்துல தண்ணி அள்ளினதால எண்டு எல்லாரும் சொன்னாங்க. இந்த நாள் வரைக்கும் என்ட கையாலதான் போன எண்டு நெனச்சிட்டிருந்தன்."

ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை. என்னைக் கட்டிலில் போட்டது என்னைப் பற்றிய பயம் மட்டுமல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

"இல்ல உம்மா. நீங்க ஒண்டும் செய்யல்ல," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று இத்தனை நாளாய் நான் ஏங்கிக்கொண்டிருந்த சொல்லும் அதுதான் என்று தெரிந்தது.