நெஞ்சின் மேல் ஒரு பயணி

லாரி ஓட்டும் அந்த மனிதருக்குச் சக டிரைவர்கள் வைத்த பெயர் இன்ஜின். காரணம் குறட்டை. ஷெட்டில் அவர் படுத்தால் மற்றவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். மனைவியோ கல்யாணமான மறுநாளே காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் பழகியவள். அப்பேர்ப்பட்டவர் இப்போது மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் அவசரக்குடுக்கை, மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். தாய் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கிடந்தாள். அதனால் இவரைச் சாய்வு நாற்காலியில் சாய்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, வெறும் நெஞ்சில் குழந்தையைப் படுக்கவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தாள் நர்ஸ். பிள்ளை அடிக்கடி மூச்சுவிட மறந்துபோகிறாளாம். மறந்தால், அவள் உடம்போடு வயர் மாட்டியிருந்த மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து பாதத்தைச் சுண்டுவாள். ஒரு தடவை ஞாபகம் வராமலே போய்விட்டால்? அந்த நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது. நெஞ்சு அசைந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மெஷின் கத்தியது.

பாதத்தைச் சுண்டிய கையோடு நர்ஸ் அவரை முறைத்தாள். "என்ன சார், நீங்க மூச்சு விடுறீங்களா இல்லையா?"

"அசைஞ்சா பாப்பாவுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"நல்லா இருக்கு! அசையணும்னுதானே உங்க மேல படுக்க வச்சிருக்கோம். உங்க நெஞ்சு ஏறி இறங்கினாத்தான் அவளுக்கும் ஞாபகம் வரும். தாராளமா விடுங்க."

விட்டார். வெட்கத்தோடு ஒன்று, தைரியமாக ஒன்று. திரைச்சீலை வழியே மதிய வெயில் மஞ்சளாக இறங்கியது. அறையின் வெதுவெதுப்பில் நீளமான சாலை ஒன்று விரிந்தது. லாரியில் சரக்கே இல்லை, நெஞ்சோடு ஒட்டிய ஒரே ஒரு பயணி மட்டும். "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். அவள் விரலை மட்டும் அசைத்தாள். மேடு வந்தது, ஏறினார்கள். பள்ளம் வந்தது, இறங்கினார்கள். இத்தனை வருஷ ஓட்டத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் போனதே இல்லை.

சாயங்காலம், காய்ச்சல் விட்ட மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வராந்தா திருப்பத்திலேயே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

"ஐயோ, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா? யாராவது எழுப்புங்களேன்!"

நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள். "எழுப்பிடாதீங்கம்மா. மதியத்துலேருந்து மெஷின் ஒரு தடவைகூடக் கத்தல."

மனைவி எட்டிப் பார்த்தாள். குறட்டை ஏறும்போது மகளும் ஏறினாள், இறங்கும்போது இறங்கினாள். நடுநடுவே அவளுக்கென்று சின்னதாக ஒரு மூச்சு. பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளச் சொன்னாள்.