களத்துக்கு மேலே போகிற விமானம்

எங்கள் மிளகாய்க் களத்துக்கு மேலே தினமும் மத்தியானம் ஒரு விமானம் போகும். மதுரையிலிருந்து கொழும்புக்குப் போகிறது என்று என் வீட்டுக்காரர் போனில் பார்த்துச் சொன்னார். என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. காயப்போட்ட வற்றலை மிதித்துக்கொண்டு இரண்டும் அண்ணாந்து நின்று கை காட்டும். நான் கத்துவேன். காதிலேயே விழாது.

"உள்ள இருக்கவுகளுக்கு நம்ம களம் தெரியுமாம்மா?" என்று ஒருநாள் மகள் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கமுதி ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவள் நான். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கோடை லீவுக்கு நாம் நாலு பேரும் அதில் ஏறி இலங்கைக்குப் போய்வந்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மகனுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாயை மூடச் சொன்னால் கண்ணை மூடினான். ஆனால் தபால்காரர் அந்த நீலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவன் முகம். மூக்கு ஒழுகுகிற இந்தச் சுண்டைக்காய் கடல் தாண்டலாம் என்று ஒரு தேசம் முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறதே என்று மலைப்பாக இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

டிக்கெட் போட்டது அவர்தான். புதன்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. கடையில் எனக்குக் கிடைத்த லீவும் அந்த நாட்களுக்குத்தான். கேரியரில் புளிசாதம் கொண்டுபோக விடுவார்களா, மகனுக்குக் காது அடைத்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்தோம். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்கு நாள் குறிக்கிற வைகாசிக் கூட்டம் முடியாமல் கல்யாணத் தேதிகூடக் குறிக்க மாட்டார்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், முளைப்பாரி கரைக்கும் வரை ஊரில் இருக்கிறவர்கள் எல்லை தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது. இதில் கரகம் எடுக்கிறவரே எங்கள் வீட்டுக்காரர். அவருடைய அய்யாவுக்குப் பிறகு அவர்தான். அந்த மனுசன்தான் கூட்டத்துக்கு முன்னாலேயே டிக்கெட்டைப் போட்டு வைத்திருக்கிறார்.

"வர்ற செவ்வாக்கெழம காப்புன்னு பேசிக்கிறாக" என்று சாயங்காலம் வந்து சொன்னார். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்.

"ஒங்க தலையில என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். மகள் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்த தன் பாவாடையை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தில் பெண்கள் ஓரமாகத்தான் நிற்போம். அன்றைக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் போனேன். ஊர்த் தலைவர் கடுகடுத்த ஆள். நாலு வார்த்தை நறுக்காகக் கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"தாத்தா, புதன்கெழம நாங்க பிளேன்ல போகணும்."

"எந்தப் பிளேன்ல?"

"நம்ம களத்துக்கு மேல போகும்ல, அதுல."

அவர் அவளையே பார்த்தார். "அதுல நம்ம ஊரு ஆளு யாரும் போயிருக்காகளா?" என்று கூட்டத்தைக் கேட்டார். துபாய்க்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் உண்டு. எல்லாரும் திருச்சியிலும் சென்னையிலும் ஏறியவர்கள். தலைக்கு மேலே போகிற அந்த ஒன்றில் யாரும் போனதில்லை.

"ஆத்தா எங்கயும் போயிறப் போறதில்ல. அதுக்கடுத்த செவ்வாக்கெழம காப்புக் கட்டிக்கிருவோம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் கோத்து வைத்திருந்த வார்த்தைக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு ஊர் தன் அம்மனையே ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும் என்று நான் நினைத்ததில்லை.

"நம்ம ஊருக்கு மேல எத்தன மணிக்கு வரும் தாயி?" என்று மட்டும் தலைவர் மகளிடம் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை விமானம் கிளம்பியதும் மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். கீழே வைகை மணல் தெரிந்தது. அப்புறம் மேகம் வந்தது. வெள்ளை வெளேரென்று மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. விலகியபோது கடலுக்கு மேலே இருந்தோம். அவ்வளவு நீலத்தை நான் ராமேஸ்வரத்தில்கூடப் பார்த்ததில்லை. மகள் அதைப் பார்க்கவில்லை. "களம் போயிருச்சாம்மா?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஊருக்குள் நுழைந்தோம். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தலைவர் எதிரே வந்தார். நாங்கள் போன புதன்கிழமை ஊரே மிளகாய் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் களத்தில் நின்றதாம். அவர் துண்டை அவிழ்த்து வீசினாராம்.

"கை தூக்கிக் காட்டுனோமே, பாத்தியாத்தா?"

மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "பாத்தேன் தாத்தா. ஒங்க துண்டுகூடத் தெரிஞ்சுச்சு" என்றாள்.

பொய் சொன்னால் வாயில் வற்றலைத் தேய்ப்பேன் என்று பிள்ளைகளை மிரட்டுகிறவள் நான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.