ஆடாதீங்க, வால் நட்சத்திரம் வருது

படம் பிடிக்கும் தொழிலில் ஒரு நாளைக்கு அதிகம் சொல்லும் வார்த்தை "சிரிங்க" இல்லை, "ஆடாதீங்க". ஈப்போவில் எங்களுடையது சின்ன ஸ்டூடியோ. என் வீட்டுக்காரர் கேமராவுக்குப் பின்னால், நான் கல்லாவிலும் இருட்டறையிலும். அடையாள அட்டைக்கு வந்தவர், கல்யாண ஜோடி, முதல் பிறந்தநாள் பிள்ளை என்று எல்லாரிடமும் அதைச் சொல்லியாயிற்று. இந்த எண்பத்தாறாம் வருஷம் ஓர் இரும்பு பைப்பிடமும் சொல்ல ஆரம்பித்தோம். கணவரின் பொழுதுபோக்கு வீட்டுக்குள் குடிவந்து, அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, மேலே படியுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எழுபத்தேழு

எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வால் நட்சத்திரம் வந்துகொண்டிருக்கிறது என்று பேப்பரில் போட்ட மாதம்தான் எங்கள் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கைக்குழந்தை. கண் மேலே செருகி, உதடு நீலமாகிவிட்டது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்றார் டாக்டர். அதில் 'பெரும்பாலும்' என்ற சொல்லை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கான்வென்டில் சிஸ்டர்கள் பாவங்களை வரிசையாகச் சொல்லித் தந்தார்கள். தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று எத்தனை தடவை எட்டிப் பார்க்கலாம் என்று சொல்லித் தரவில்லை. எங்கள் மேல்மாடியில் கூரை விட்டத்திலிருந்து ஸ்பிரிங் தொட்டில் தொங்கும். இடக்கையை அதில் வைத்தபடியே சாப்பிட்டேன், தூங்கினேன். தொட்டில் கட்டிய சாரோங் துணி மேலும் கீழும் போய் வந்தால் பிள்ளை இருக்கிறது என்று எனக்கு ஒரு கணக்கு.

பக்கத்துக் கடையில் துணி தைக்கும் லெட்சுமி அக்கா வேறு, "அந்த வால் போற வரைக்கும் பிள்ளைய வெளிய காட்டாதலா விமலா" என்று சொல்லிவைத்தார். படித்தவள்தான் நான். பயம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அதே வால் நட்சத்திரத்தைப் படம் பிடிக்கப் போகிறேன் என்றார். பிள்ளை இருக்கும் நிலையில் இது எதற்கு என்று கத்தினேன். அவர் ஒரு பழைய தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை அது வரும்போது பாப்பாவுக்கு எழுபத்தேழு வயசு. ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு படம் வேணாமா?"

வானத்துக்குக் கதவு

நான் சாமியிடம் நாளைக் காலை வரைக்கும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்தேழு என்று ஒரு மனிதர் சாதாரணமாகச் சொன்னபிறகு, அந்தப் படம் எனக்கும் வேண்டியதாகிவிட்டது.

பின்சந்தில் தெருவிளக்கு என்பதால், மாடிச் சமையல்கட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் பலகைத் தளம்தான் இடம். அங்கே ஒரு தடித்த தண்ணீர்ப் பைப்பைத் தூணாக நிறுத்தினார். தூண் தலையில் இரண்டு பலகை, நடுவே கதவுக் கீல். மேல்பலகையில் தொலைநோக்கி, அதன் முதுகில் எங்கள் கடைக் கேமரா. வானம் மெல்லத் திரும்பும். தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துவைத்து, அது நழுவ நழுவ ஒரு மரையாணியைத் திருப்பினால் பலகையும் வானத்தோடு சேர்ந்து திரும்பும். கேமரா சில நிமிஷம் கண் திறந்தே இருக்க வேண்டும். அவர் பார்த்துச் செய்த வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தில் கீல் சாய்ந்து நின்றது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஈப்போவில் அது கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டது. பாரமெல்லாம் ஒரு பக்கம் தொங்கி, கீல் லொடலொடவென்று ஆடியது. இருப்பதிலேயே பெரிய, அசையவே அசையாத கீல் வேண்டும் என்று இரும்புக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போய், விஷயத்தையும் விளக்கினார். தவுக்கே கீலை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாராம்: "தம்பி, வானத்துக்குக் கதவு போடுற சரி, பூட்டு வேணாமா லா?"

முதல் படம்

வால் நட்சத்திரத்துக்கு முன்னால் சும்மா நட்சத்திரங்களை எடுத்துப் பழகினார். புள்ளி புள்ளியாக வந்திருக்க வேண்டும். நெளிந்து நெளிந்து வந்தது. நான் கழுவிய படத்தைக் கல்லாவுக்கு மேலே காயப்போட்டிருந்தேன். பாஸ்போர்ட் படம் வாங்க வந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முடிவுக்கு வந்துவிட்டார்: "வயித்துல இவ்வளவு பூச்சியா? யாருக்கும்மா, பாவம்?"

கெட்டி

கீல் மாற்றியும் ஆட்டம் போகவில்லை. பைப்பைத் தட்டினால் கோயில் மணி மாதிரி நடுங்கி, ஓய நேரம் எடுத்தது. என் வீட்டுக்காரரின் கூட்டாளி முனியாண்டி அண்ணே இப்போது ஈப்போவில் பஸ் பட்டறையில் வெல்டிங் வேலை. அதற்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், மரப்பாலில் ஆசிட் கலந்து கட்டியாக்கும் வேலையில் இருந்தவர். அவரிடம் இவர், "அண்ணே, பைப்புக்குள்ள எதையாச்சும் ஊத்திக் கெட்டியாக்கணும்" என்றார். அண்ணே, "இவ்வளவுதானா? நான் பாத்துக்கிறேன், நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்றார். போனோம்.

பட்டறைக்காரரிடம் சொன்னால் சிமெண்ட் என்று எடுத்துக்கொள்வார் என நினைத்தோம். தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கெட்டி என்றால் ஒரே அர்த்தம். தெரிந்தவர் ஒருவரின் ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு வாளி பால் கொண்டுவந்து, ஆசிட் கலந்து, பைப் நிறைய ஊற்றியிருந்தார். பால் அருமையாகக் கெட்டியாகியிருந்தது. எங்கள் தூண் இப்போது நடுவில் ரப்பர் வைத்த தூண். நாலு நாளில் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து, கட்டிப்பால் நாற்றம் மாடிப்படி வழியாகக் கடைக்குள் இறங்கியது. கல்யாணப் பெண் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். கையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முனியாண்டி அண்ணேயைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்குத்தான் வருத்தம்: "கெட்டின்னீங்க, கெட்டியாக்கிக் குடுத்தேன். கல்லாக்கணும்னா கல்லுன்னு சொல்லியிருக்கணும்லா!"

ரம்பப் பல்

ரப்பரைக் குத்திக் குத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் ஊற்றினோம். தூண் உண்மையிலேயே கல்லானது. இந்தத் தடவை படத்தில் நெளிவு இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நட்சத்திரமும் ரம்பப் பல் மாதிரி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. என் வீட்டுக்காரர் காற்றைச் சொன்னார், பெரிய ரோட்டில் ஈய மண் ஏற்றிப் போகும் லோரியைச் சொன்னார். கொஞ்ச நாளில் வால் நட்சத்திரம் தூரமாகப் போய்விடும், மழையும் விடவில்லை. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

நான் இருட்டறையில் நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பல்லெல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. லோரி அப்படித் தாளம் தப்பாமல் ஓடாது. அந்தத் தாளம் என் இடக்கைக்குத் தெரியும். தொட்டில் தொங்கும் விட்டத்தின் மறுமுனைதான் பின்பக்கப் பலகைத் தளத்தைத் தாங்குகிறது. அவரை மேலே கூட்டிப்போய், தொலைநோக்கியில் பார்க்கச் சொல்லிவிட்டுத் தொட்டிலை ஆட்டினேன். எதிர்க் கட்டடத்து விளக்கு ஏறி இறங்கியது. அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஊர்ல உள்ள லோரியெல்லாம் திட்டினேன். லோரி நம்ம வீட்டுக்குள்ளதான் ஓடியிருக்கு."

வாசற்படியில்

தொட்டிலை நிறுத்து என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சண்டை போட்டிருப்பேன், எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மறுநாள் திருப்புளியை எடுத்துக்கொண்டு கீலைக் கழற்ற உட்கார்ந்தார். "பாப்பாவுக்கு வேற படம் எடுத்துக்கலாம்" என்றார். நான் திருப்புளியை வாங்கிச் சமையலறை டிராயரில் போட்டேன்.

பால் மரம் வெட்டப் போகிறவர்கள் எழும், இன்னும் விடியாத நேரத்தில் ஒரு நாள் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. நானே பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தளத்துக்குப் போகும் பின்வாசற்படியில் நின்றேன். அவர் கேமராவைத் திறந்தார். திரும்பிப் பார்க்காமல், கடையில் சொல்லும் அதே குரலில், "ஆடாதீங்க" என்றார். தோளில் பிள்ளை இருந்தால் நம் இடுப்பு தானாக ஆடும், உங்களுக்குத் தெரியாததா? நிறுத்தினேன். எதுவும் அசையவில்லை. பிள்ளையும் அசையவில்லை. கத்திவிடுவேன் என்று நினைத்தேன். அப்போது கழுத்தில் சூடாக, ஈரமாக ஒன்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது. அவள் மூச்சு. தொட்டில் ஆடியபோதெல்லாம் நான் தொட்டுப் பார்த்தது என் கையின் ஆட்டத்தைத்தான். அவர் "சரி" என்று சொன்ன பிறகும் நான் நகரவில்லை.

படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழுந்திருந்தன. நடுவே விரலால் லேசாகத் தேய்த்தது போல் ஒரு வெள்ளை, பின்னால் கொஞ்சம் வால். கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். லெட்சுமி அக்கா ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தார். என் இடுப்பில் இருந்த பிள்ளையை, பட்டப்பகலில், நடுத்தெருவில் தானே கை நீட்டி வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னலா இது! விளக்குமாறு மாதிரி வரும்னு பாத்தா, பல் தேய்க்கிற பிரஷ் அளவுகூட இல்ல, இதுக்கா உன்னைய அவ்வளவு பயமுறுத்தினேன்?"

தூணைக் கெட்டியாக்க ஒரு மூட்டைச் சிமெண்ட் போதுமாக இருந்தது, என்னைக் கெட்டியாக்கும் வேலைதான் இன்னும் முடியவில்லை என்பதால் இதை எழுதும்போதும் இடக்கை தொட்டிலில்தான் இருக்கிறது, ஆனால் ஆட்டவில்லை.