மச்சானோடு விட்ட சைக்கிள் பந்தயம்

கல்முனைக்குடியிலிருந்து வரிப்பத்தான்சேனை வரைக்கும் கொட்டுகிற மாரி மழையில் சைக்கிள் மிதித்துப் போய், அன்றைக்கே மிதித்துத் திரும்பியும் வந்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. கேட்காதவர்களுக்கும் இதை இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனது மச்சானுக்காக. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதும் மாப்பிள்ளைதான். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான் வயல் செய்து வளர்ந்தவர், வாப்பாவுக்குப் புடவைக்கடை. கடையில் மச்சான் ஒருநாள் துணியைப் பிழையாக வெட்டிவிட, "வயலுக்குள்ள நிண்டவருக்கு இதெல்லாம் என்ன விளங்கும்" என்று வாப்பா ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார். அன்று வரிப்பத்தான்சேனைக்குப் போன மச்சான் பத்து நாளாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ராத்தா சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள், தின்ன மாட்டாள்.

வாப்பா போய்க் கூப்பிட்டால் அவருக்குத் தலைகுனிவு. பள்ளிவாசல் பெரியவர்கள் போனால் சங்கதி ஊருக்கே தெரிந்துவிடும். உம்மாவின் தம்பி, என் மாமா, மண்டையைப் போட்டு உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாடகைக்கு வான் பிடித்துப் போனால்தான் அது பேச்சுவார்த்தை. சைக்கிளில் போனால் சும்மா வந்தது. துணைக்கு என்னையும் என் சைக்கிளோடு சேர்த்துக்கொண்டார்.

"ராத்தாட பேரையே எடுக்கப்படாது. மச்சானப் பாக்க வந்த எண்டு மட்டும் சொல்லு, விளங்கினதா?"

"ஓம் மாமா" என்றேன்.

காரைதீவுச் சந்தியில் தூறல். சம்மாந்துறை தாண்டியதும் மழை பிய்த்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வயல்வெளி, முகத்துக்கு நேரே காற்று. மாமாவுக்கு உடம்பு கொஞ்சம் பெரிது. கண்ட கடையிலெல்லாம் ஒதுங்கிப் பிளேன்டீ குடித்தார். நான் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மழைக்குள்ளேயே நின்றேன். ஒதுங்கினால் முழுதாக மிதித்ததாக ஆகாது என்பது என் கணக்கு.

போய்ச் சேர்ந்ததும் மச்சானின் உம்மா என் தலையைத் துவட்டிவிட்டார். மச்சான் கதவடியில் வந்து நின்றார்.

"வான்ல வந்தீங்களா?"

"இல்ல, மிதிச்சு வந்த. முழுக்க நானே மிதிச்ச."

"சும்மா பொய் சொல்லாத" என்று சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். மாமா சொல்லித் தந்ததெல்லாம் மழையோடு போயிற்று. "பொய்யா? அப்ப வாங்க, இப்பவே எங்கட ஊட்டுக்கு மிதிப்பம். ஆர் முந்தி வாற எண்டு ராத்தா வாசல்ல நிண்டு பாக்கட்டும்!"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் தன் உம்மாவைப் பார்த்தார். பிறகு மச்சான், "சின்னப் புள்ள சவால் உட்டா போகாம ஏலுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சோறு தின்ன வைத்துத்தான் விட்டார்கள். வழி முழுக்க மச்சானும் நானும் மாறி மாறி முந்தினோம். மாமா எங்கோ பின்னால் அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். வாசலில் நின்ற ராத்தா என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் வென்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து எனக்குப் பெருமை பொங்கியது. வாப்பா தன் துவாயை மச்சானிடம் நீட்டி, "நனஞ்சி போனீங்களே மகன், உள்ள வாங்க" என்றார்.

தோற்றதை மச்சான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த உடுப்புப் பை மட்டும் இல்லாட்டி நான் வெண்டிருப்பன்" என்பார். அது உண்மைதான். கரியரில் பெரிய பையொன்றைக் கட்டிக்கொண்டுதான் அவர் மிதித்தார். நான் சவால் விட்டதும் உள்ளே போனவர், ஒரு சட்டையை மாட்டும் நேரத்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்தயத்துக்கு வருகிற மனிதர் எதற்கு இத்தனை உடுப்பைச் சுமக்கிறார் என்று அன்று சிரித்தேன். அத்தனை உடுப்பையும் அவர் எப்போது மடித்து வைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.