முழு வாக்கியத்தில் பதில்

எங்கள் வீட்டு முன்னறையில் பழைய மொசைக் தரை. பெரிய சதுரங்களாகக் கோடு பிரித்துப் போட்டது. அதைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று டைல்ஸ் பதிக்கலாம் என்று என் கணவர் சொல்லாத வருஷம் இல்லை. நான் விடுவதில்லை. என்னுடைய இங்கிலீஷ் இலக்கண வகுப்பு நடப்பதே அந்தத் தரையின் மேல்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் வீடு என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களின் பேச்சு வாக்கிலேயே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். தரமணியில் வேலை கிடைத்து, மீட்டிங்கில் வாயைத் திறக்கப் பயப்படுகிற பிள்ளைகள் வருவார்கள். தேனாம்பேட்டையில் ஏதோ ஓர் ஆபீஸில் பதவி உயர்வுக்காகக் காத்திருப்பவர்கள் வருவார்கள். யாருக்கும் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. சினிமா, செல்போன், கடைப் பலகை எல்லாம் வேண்டிய மட்டும் கொடுத்திருக்கின்றன. அந்த வார்த்தைகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்.

தமிழில் நாம் விஷயத்தைக் கடைசி வரை கைக்குள் மூடி வைத்திருப்போம். "நான் நேற்று மார்க்கெட்டில் அவளை" என்று சொல்லி நிறுத்தினால், பார்த்தேனா, திட்டினேனா, கண்டும் காணாமல் வந்துவிட்டேனா என்று எவருக்கும் தெரியாது. கேட்கிறவர்கள் பொறுமையாக வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. யார் என்று சொன்ன கையோடு என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சத்தை அப்புறம் ஆற அமரச் சொல்லலாம். இதைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகத் தலையாட்டிவிட்டு வழக்கம் போலத் தப்பாகவே எழுதும்.

வீட்டில் வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் தரை கண்ணில் பட்டது. முதல் கட்டத்தில் நின்று ஆளைச் சொல். அடுத்த கட்டத்துக்குப் போனால் செயல். அதற்கும் அடுத்த கட்டத்தில் மற்றதெல்லாம். செயலைச் சொல்லாமல் கட்டம் தாண்டினால் திரும்பி வந்து முதலிலிருந்து நட. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள்கூட ஷூவை வாசலில் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நடந்து பழகினார்கள். "படிக்க வந்த புள்ளைங்களப் பாண்டி ஆட விட்டு அனுப்புறா" என்று என் கணவர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது எனக்குக் காதில் விழும்.

என்னிடம் இன்னொரு சட்டமும் உண்டு. பதில் முழு வாக்கியத்தில் இருக்க வேண்டும். இது நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்களிடமிருந்து வந்த வியாதி. பேர் என்ன என்று கேட்டு நாம் பேரை மட்டும் சொன்னால், பெஞ்சின் மேல் ஏற்றிவிடுவார்கள். கேள்வியில் இருக்கிற வார்த்தைகளையே எடுத்து, முன்னால் "யெஸ் சிஸ்டர்" சேர்த்து, முழுசாகச் சொல்லி முடித்தால்தான் உட்காரலாம். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிற எவரும் இப்படிப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். பழகின பிறகு கையை விட்டுக்கொள்ளட்டும்.

ஒரு டிசம்பர் மாதத்தில் ஒருத்தி வந்தாள். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் வீடு. தி. நகரில் ஒரு பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிற வேலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"எனக்கு இங்கிலீஷ் பேச வரணும் மிஸ். கொஞ்சம் சீக்கிரமா வரணும்."

எதற்கு அவசரம் என்றேன்.

"பாப்பாவுக்கு எல்கேஜி. அடையாறுல ஒரு ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போட்டு கீது. அம்மா அப்பா ரெண்டு பேரையும் கூப்ட்டு இங்கிலீஷ்லயே கேள்வி கேப்பாங்களாம். மொதல்ல அம்மாவத்தான் பாப்பாங்கன்னு பார்லருக்கு வர்ற ஒரு மேடம் சொன்னாங்க."

அதை இன்டர்வியூ என்று சொல்லக் கூடாதாம். இன்டராக்‌ஷனாம். பேரை மாற்றினால் கேள்வி சுலபமாகிவிடுமா என்ன?

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிற வாடிக்கைக்காரப் பெண்கள் இங்கிலீஷில் பேசுவது அவளுக்கு முக்கால்வாசி புரியும். "மாமியார் சண்டை வரைக்கும் புரியும் மிஸ். திருப்பி ஒரு வார்த்தை சொல்லணும்னா தொண்டைலயே நின்னுடுது" என்றாள். கணவன் தரமணி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். அவளை அழைத்துப் போக வந்தவன் கேட்டில் நின்றபடியே, "நான் பேசிக்கிறேன் மிஸ். இவ சும்மா குந்திக்கினு இருந்தாலே போதும்" என்றான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "என்னால அவளுக்குக் கிடைக்காம போயிடக் கூடாது மிஸ். அவ்ளோதான்."

அவளோடு நான் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டேன். நாள் குறைவாக இருந்தது. முதல் வாரம் முழுக்க, "ஐ மை டாட்டர் லவ்" என்று செயலைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். "எங்க தாண்டுற? நடுவுல ஒரு கட்டம் இருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே முதல் கட்டத்துக்குத் திரும்புவாள். திட்டு வாங்க அவளுக்குக் கூச்சமில்லை. வாயைத் திறக்கத்தான் கூச்சம். குழந்தை பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து என் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

வீட்டில் ஒரே அறைதானாம். கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் சாக்பீஸால் கட்டம் போட்டு, குழம்பு கொதிக்கிற நேரத்தில் நடந்து பழகினாளாம். ஐ ஆம் எ பியூட்டிஷியன். ஐ ஸ்டடீட் அப் டு பிளஸ் டூ. ஐ ஹேவ் ஒன் டாட்டர். ஐ வில் ஹெல்ப் ஹர் இன் ஹர் ஸ்டடீஸ். கடைசி வகுப்பில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நல்லபடியாகத் தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

இன்டராக்‌ஷன் நடந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சீட்டு உனக்கா, அந்தக் குழந்தைக்கா?" என்று என் கணவர் கேட்டார். அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையோடு வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். குழந்தை மடியில் தூங்கிப் போயிருந்தது.

"போச்சு மிஸ்" என்றாள்.

முதலில் கணவனிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் நாலைந்து "யெஸ் மேடம்" சொன்னதோடு அவனுடைய இங்கிலீஷ் முடிந்துவிட்டது. அடுத்துப் பிரின்சிபால் அம்மாள் இவள் பக்கம் திரும்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். அத்தனை நாள் நடந்து நடந்து பழகிய கேள்வி.

"ஒண்ணுமே வர்ல மிஸ். கட்டத்தைப் பாத்தா வரும்னு கீழ பாத்தேன். கீழ கார்ப்பெட்டு. கட்டமே இல்ல."

கணவன் முழங்கையால் இடிக்கிறான். இவள் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. அப்போதுதான் குழந்தை மடியிலிருந்து சறுக்கி இறங்கியிருக்கிறது. கார்ப்பெட்டின் மேல் நின்று, ஒரு காலை எடுத்து வைத்து "ஐ" என்றதாம். அடுத்த அடி, "ஆம்". அதற்கடுத்த அடி, "எ பியூட்டிஷியன்". பிரின்சிபால் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தை திரும்பிப் போய் முதலிலிருந்து நடந்தது. தான் பிளஸ் டூ வரை படித்ததையும், தனக்கு ஒரே மகள் இருப்பதையும், அவளுடைய படிப்புக்குத் தான் உதவப் போவதையும் வரிசை மாறாமல் சொல்லியது. எல்லாம் முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, "ஃபுல் சென்டென்ஸ்" என்று அதட்டியதாம்.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று பிரின்சிபால் இவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"'மீ'ன்னு சொல்ட்டேன் மிஸ். அவ்ளோதான் வந்துச்சு. ஒத்த வார்த்தை. நீங்க எவ்ளோ சொன்னீங்க, முழுசா சொல்லணும்னு."

அவள் போச்சு என்று சொன்னது இதைத்தான். சீட்டைக்கூட மறந்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்க் காபி கலக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அடுப்பங்கரையிலேயே நின்றேன்.

சீட்டு கிடைத்தது. செல்போனில் தகவல் வந்த அன்றே பட்டினப்பாக்கத்திலிருந்து நல்ல வஞ்சிரமாக வாங்கி, சுத்தம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். "இந்த மாதிரி ஸ்டூடன்ட்ஸ மட்டும் சேத்துக்கோ" என்றார் என் கணவர். வறுத்த மீனோடு அவளுடைய வகுப்பும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் மறுபடியும் வந்தாள். குழந்தை யூனிஃபார்மில் இருந்தது. புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, வாசலிலேயே நின்றது. அவள் முகம் சரியாக இல்லை.

பெற்றோர்களை எல்லாம் உட்கார வைத்து ஒரு கூட்டம் போட்டார்களாம். இனிமேல் வீட்டிலும் பிள்ளைகளோடு இங்கிலீஷில் மட்டும்தான் பேச வேண்டும், தமிழ் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அவருக்குக் கவலை இல்ல மிஸ். கம், கோ, ஈட்டுன்னு சொல்லிட்டு வண்டி எடுத்துக்கினு போயிடறாரு. நான்தான் ரெண்டு நாளா அவகிட்ட பேசவே இல்ல. தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் தீந்துடுச்சு. இன்னாம்மா கோவமான்னு கேக்குறா."

வாசலில் நிற்கிற குழந்தையை எட்டிப் பார்த்தேன்.

"அவள நான் யம்மான்னுதான் மிஸ் கூப்புடுவேன். பொண்ண அப்டி இங்கிலீஷ்ல கூப்டலாமா? தூங்க வெக்கும்போது ஏதாவது சொல்லிக் கொஞ்சினாத்தான் தூங்குவா. கொஞ்சறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்றது? கொஞ்சம் சென்டென்ஸ் சொல்லிக்குடுங்க. நான் கத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் முதல் கட்டத்தில் நின்றாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் வாக்கியத்தைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

எனக்கு வாக்கியம் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் அம்மாக்களும் குழந்தைகளைக் கொஞ்சத்தான் செய்வார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயில் அது பார்லர் மேடம் பேசுகிற மாதிரிதான் ஒலித்திருக்கும். குழந்தைக்கு அது அம்மாவின் குரலாக இருந்திருக்காது. சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷைச் சீருடையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றி மாட்டிவிடுவேன். ஜெபம் சொன்னதும், அடி வாங்கியதும், அம்மா மடியில் படுத்ததும் தமிழில்தான். அதனால் என் இங்கிலீஷ் ஒன்றும் குழம்பிவிடவில்லை. பிற்பாடு அதைக்கொண்டு ஆயுள் முழுக்கச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. கார்ப்பெட்டின் மேல் நடந்து காட்டிய அந்த இங்கிலீஷைக் குழந்தைக்குக் கொடுத்தது யார்? இவள்தானே. குழம்பைக் கிளறிக்கொண்டு, நாள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்த வாயால்தானே கொடுத்தாள். இப்போது அந்த வாயைத்தான் மூடச் சொல்கிறார்கள்.

"இங்க பாரு," என்றேன். "நீ வீட்ல தமிழ்லயே பேசு. யம்மான்னே கூப்பிடு. கொஞ்சறதெல்லாம் இங்க சொல்லித்தர மாட்டேன்."

"மாசா மாசம் கூப்ட்டு கேப்பாங்களாம் மிஸ், வீட்ல இங்கிலீஷ்தான் பேசுறீங்களான்னு. கேட்டா இன்னா சொல்றது?"

"என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியாதா? எவ்ளோ நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். கேள்வியிலயே பதில் இருக்கு. யெஸ் மேடம்னு ஆரம்பிச்சு முழு வாக்கியத்துல சொல்லு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என் வகுப்பில் நான் பொய் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு விஷயம் புரிவதும், முகம் மெல்ல மெல்லத் தெளிவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"யெஸ் மேடம்" என்று சொல்லிக் காலை எடுத்து வைத்தாள். "வீ." அடுத்த கட்டம். "ஸ்பீக்." அடுத்தது. "ஒன்லி இங்கிலீஷ் அட் ஹோம்." ஒரு தப்பு இல்லை.

திரும்பிப் பார்த்தால், குழந்தை எப்போதோ ஷூவோடு உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அம்மா நடந்த கட்டங்களிலேயே டக் டக்கென்று நடந்து, அதே வாக்கியத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தது. பிறகு கடைசிக் கட்டத்தில் நின்றபடி அவளை அண்ணாந்து பார்த்தது.

"கரெக்ட்டா சொன்னனாம்மா?"

"சொன்னடி யம்மா, சொன்ன" என்று அவள் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.